சீலோமில் மதியச் சாப்பாடு: வண்டிக்கடையா, ஃபுட் கோர்ட்டா, ஏசி உணவகமா?

பாங்காக் கிளம்புகிறவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. "சீலோமில் ரூம் போட்டிருக்கிறோம். ராத்திரி எங்கே சுற்றலாம் என்று ஆளாளுக்குச் சொல்லிவிட்டார்கள். மத்தியானம் தாய்லாந்துச் சாப்பாடு எங்கே சாப்பிடுவது? தெருவிலா, மாலிலா, உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டலிலா?"

சீலோம் என்றாலே பட்பொங் பற்றித்தான் பேச்சு. சீலோம் சாலைக்கும் சுராவோங் சாலைக்கும் நடுவே ஓடும் இரண்டு குட்டிச் சந்துகள். 1946இல் ஒரு குடும்பம் வாங்கிய நிலம் அது. வியட்நாம் போர்க் காலத்தில் விடுப்பில் வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் புண்ணியத்தில் மதுக்கடை வீதியாகிவிட்டது. பகல் பன்னிரண்டு மணிக்கு அங்கே போய் நின்று பாருங்கள். ஷட்டர்கள் இறங்கிக் கிடக்கும். யாராவது ஒருவர் குழாயைப் பிடித்துத் தரையைக் கழுவிக்கொண்டிருப்பார். முந்தின இரவின் பியர் வாடை இன்னும் போயிருக்காது.

சரி, அப்படியே சாலையைத் தாண்டி எதிர்ப்பக்கம் கான்வென்ட் சந்துக்கு வாருங்கள். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்க, கையில் ஐஸ் டீ பையோடு, நடைபாதை கொள்ளாத கூட்டம். இரவில் கூத்தடிக்கும் இந்தப் பகுதி பகலில் வங்கிகளும் காப்பீட்டுக் கம்பெனிகளும் நிறைந்த ஆபீஸ் பேட்டை. இங்கே மதியச் சமையல் முழுக்க அந்த ஆபீஸ்காரர்களை நம்பித்தான் நடக்கிறது. எங்கே சாப்பிடுவது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

## எதை வைத்து முடிவு செய்வது

ருசியை நான் கணக்கில் சேர்க்கவில்லை. மூன்று வகைக் கடைகளிலும் நன்றாகவே சாப்பிட்டிருக்கிறேன், மூன்றிலும் மோசமாகவும் சாப்பிட்டிருக்கிறேன். நான் பார்ப்பது வேறு சில விஷயங்களை.

முதலாவது, நேரம். ஆபீஸ்களுக்கு 12 முதல் 1 வரை இடைவேளை. அந்த ஒரு மணி நேரத்தில் போனால் எந்தக் கடையிலும் மல்லுக்கட்ட வேண்டியதுதான். பதினொன்றரைக்குப் போனால் ராஜா மாதிரி சாப்பிடலாம். ஒன்றரைக்குப் போனால் தெருவோரத்தில் நல்ல அயிட்டங்கள் தீர்ந்திருக்கும்.

இரண்டாவது, பில்லின் கடைசி வரி. மெனுவில் உள்ள விலையும் கையை விட்டுப் போகும் பணமும் ஒன்றில்லை. ஒரு பாட் ஏறத்தாழ மூன்று ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்கு சுலபம்.

மூன்றாவதுதான் பெரிய விஷயம்: உங்களோடு வருபவர்களில் யார் "எனக்கு இது ஆகாது" என்று சொல்வார்? பன்றி ஆகாது, மாடு ஆகாது, மீன் வாடையே ஆகாது, காரம் ஆகாது, வெயில் ஆகாது. நாலு பேரில் மூன்று பேர் எதையும் சாப்பிடுவார்கள். கடையை முடிவு செய்வது அந்த நாலாவது ஆள்தான்.

அப்புறம், உட்கார இடம், கழிப்பறை. இளவட்டங்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள். அம்மா அப்பாவைக் கூட்டிப்போனவர்களுக்குத் தெரியும்.

## வண்டியும் கறிச்சோற்றுக் கடையும்

தாய்லாந்து மொழியில் 'காவ்' சோறு, 'கேங்' குழம்பு. காவ் கேங் கடை என்றால் கறிச்சோற்றுக் கடை. எவர்சில்வர் தட்டுகளில் பத்துப் பதினைந்து வகைகள் வரிசையாக இருக்கும். அக்கா ஒருவர் தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். விரலால் காட்ட வேண்டும், அவ்வளவுதான். ஒரு வகையோ இரண்டு வகையோ வாங்கினால் 50 முதல் 70 பாட். மொழி தெரியாதவருக்கு இதைவிட வசதியான ஏற்பாடு கிடையாது, கண்ணால் பார்த்தே வாங்கலாம்.

நான் முதல் நாள் பச்சைக் குழம்பு ஒன்றைக் காட்டினேன். தேங்காய்ப்பாலில் பச்சைப் பட்டாணி மாதிரி மிதந்ததைக் கடித்துப் பார்த்தால் கசப்பு. சுண்டைக்காய்! நாம் வத்தல் போடுவதை இவர்கள் பச்சையாகவே குழம்பில் போடுகிறார்கள். இன்னொரு தட்டில் பொடியாகக் கொத்திய கறியை ஏதோ இலையோடு வதக்கி வைத்திருந்தார்கள். அதன் பெயர் பட் க்ராபாவ். க்ராபாவ் வேறொன்றும் இல்லை, நம் துளசிதான். கோயில் தீர்த்தத்தில் பார்த்துப் பழகிய இலையைப் பன்றிக்கறியோடு பார்த்ததும் கொஞ்ச நேரம் எனக்குக் கை ஓடவில்லை. சாப்பிட்ட பிறகு அந்தச் சங்கடம் தீர்ந்தது, அது என் பாடு.

மறைந்திருக்கும் செலவு இங்கே பணத்தில் இல்லை, உடம்பில் இருக்கிறது. வியர்வை, பிளாஸ்டிக் ஸ்டூல், முதுகுக்குப் பின்னால் மோட்டார் சைக்கிள். காரத்தைக் குறைக்கவும் வழியில்லை, காலையிலேயே சமைத்து வைத்தாயிற்று. 'நான் ஆந்திரா சாப்பாடே சாப்பிடுவேன்' என்கிறவர்களும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நம் காரம் எண்ணெயிலும் புளியிலும் வெந்து அடங்கிய காரம். இவர்களுடைய குட்டி மிளகாய்க்குத் தாய்லாந்து மொழியில் எலிப்புழுக்கை என்றே பெயர். எலுமிச்சைச் சாற்றோடு பச்சையாக இடித்துப் போட்டால் நேராக நாக்கின் நுனியில் வந்து நிற்கும். இடித்துச் செய்யும் சாலட், வதக்கித் தரும் நூடுல்ஸ் மாதிரி கண்ணெதிரே செய்பவற்றுக்கு மட்டும் "மை பெட்" என்று சொல்லிப் பார்க்கலாம். காரம் வேண்டாம் என்று அர்த்தம். அப்போதும் ஒரு மிளகாய் விழும்.

நம் வயிற்றுக்கு அளவும் போதாது. இரண்டாம் சோறு, மூன்றாம் சோறு என்று பழகியவர்களுக்கு இந்தத் தட்டு டிபன் மாதிரி. அதற்கு ஒரு மந்திரச் சொல் உண்டு: "பிசெட்". பத்துப் பாட் போலக் கூடுதலாக வாங்கிக்கொண்டு தட்டை நிறைத்துத் தருவார்கள். நம் 'விசேஷம்' எந்தச் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வந்ததோ, அதே சொல்லிலிருந்து போனதுதான் இது.

இன்னொன்று. சீலோம் 5ஆம் சந்தில் லலாய் சாப் என்று ஒரு சந்தை இருக்கிறது. வார நாட்களில் ஆபீஸ் பெண்கள் துணிமணி வாங்கவும் சாப்பிடவும் மொய்க்கும் இடம். அந்தப் பெயருக்கு 'சொத்தைக் கரைப்பது' என்று பொருள். 60 பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டு 600 பாட்டுக்குச் செருப்பும் பையும் வாங்கித் திரும்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதையும் சாப்பாட்டுச் செலவில் எழுதுவதா என்பது உங்கள் வீட்டு வழக்கு.

சனி, ஞாயிறு இந்தப் பக்கம் வந்து ஏமாறாதீர்கள். ஆபீஸ் இல்லையென்றால் வண்டியும் இல்லை. திங்கட்கிழமையும் பல வண்டிகள் கண்ணில் படாது.

## ஃபுட் கோர்ட்

சாலாடேங் ரயில் நிலையத்தை ஒட்டிய மால்களிலும், பெரிய ஆபீஸ் கட்டடங்களின் கீழ்த்தளங்களிலும் இருப்பவை. தெருவில் கிடைக்கும் சாப்பாட்டில் பெரும்பகுதி இங்கேயும் கிடைக்கும், தலைக்கு மேல் ஏசி ஓடும், விலை ஒன்றரை மடங்கு. ஒரு தட்டு 70 முதல் 120 பாட் வரை.

பல இடங்களில் முதலில் கவுன்டரில் பணம் கட்டி ஒரு அட்டை வாங்க வேண்டும். கடைக்குக் கடை அதைத் தேய்த்துச் சாப்பிட்டுவிட்டு, மிச்சப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். மறைந்த செலவு இந்த மிச்சத்தில்தான். 'நாளைக்கும் வருவோமே' என்று அட்டையைப் பர்ஸில் வைத்துக்கொண்டு ஊர் திரும்பியவர்கள் நிறைய. எங்கள் வீட்டு இழுப்பறையிலும் அப்படி ஒன்று கிடக்கிறது, 85 பாட்டோடு.

முதல் முறை போகிறவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன். ஒவ்வொரு கடையிலும் படம் இருக்கும், எண் இருக்கும். என்ன பெயர், எப்படி இருக்கும், எவ்வளவு காரம் என்று ஒரே மதியத்தில் பாடம் படித்துவிடலாம். ஒருவர் கோழிச்சோறு வாங்கலாம், இன்னொருவர் பட் தாய் நூடுல்ஸ், மூன்றாமவர் இடித்த பப்பாளிக்காய் சாலட். மூன்றையும் நடுவில் வைத்துக் கரண்டி போடுங்கள். கரண்டி என்றது சும்மா இல்லை. இங்கே சோற்றுக்கு முள்கரண்டியால் தள்ளி, ஸ்பூனால் வாயில் போடுவதுதான் வழக்கம். குச்சியைத் தேடி அலைய வேண்டாம், அது நூடுல்ஸுக்கு.

நூடுல்ஸ் கடை மேஜையில் நாலு கிண்ணங்கள் இருக்கும்: மிளகாய் ஊறிய மீன்சாறு (ஃபிஷ் சாஸ்), மிளகாய் ஊறிய வினிகர், மிளகாய்த்தூள், சர்க்கரை. ஆமாம், சர்க்கரை. பக்கத்து மேஜைப் பெண் ஒரு ஸ்பூன் சர்க்கரையைச் சூடான நூடுல்ஸில் தூவிக் கலக்குவதைப் பார்த்தால் ரசத்தில் சீனி போட்ட மாதிரி இருக்கும். ஒரு முறை கால் ஸ்பூன் போட்டுப் பாருங்கள்.

குறை என்னவென்றால், எல்லாமே கொஞ்சம் மழுங்கிய ருசி. ஆயிரம் பேருக்குச் சமைக்கிற இடத்தில் அந்த எலுமிச்சைப் புல் வாசமும் பேரரத்தை வாசமும் தூக்கலாக இருக்காது. 12 மணிக் கூட்டத்தில் இடம் பிடிப்பதும் லேசில்லை. மேஜையில் யாரோ வைத்துவிட்டுப் போன அட்டையோ குடையோ இருந்தால் அது ரிசர்வ் ஆகிவிட்டது என்று அர்த்தம். நம் ஊர் பஸ்ஸில் துண்டு போடும் கதைதான்.

## ஏசி உணவகம்

இதில் பல தரம் உண்டு. வீட்டுச் சாப்பாடு மாதிரி போடும் சின்னக் கடைகள், பழைய மர வீட்டை மாற்றியமைத்த இடங்கள், ஹோட்டல்களுக்குள் இருப்பவை. ஒரு அயிட்டம் 150 முதல் 300 பாட். குடும்பமாகப் போய் நாலைந்து அயிட்டங்களை நடுவில் வைத்துப் பகிர்ந்து சாப்பிட இதுதான் சரியான இடம். தாய் சாப்பாட்டின் நிஜமான முறையும் அதுவே: ஒரு குழம்பு, ஒரு வதக்கல், ஒரு சாலட், ஒரு சூப், எல்லோருக்கும் சோறு. 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய டாம் யம் குங் சூப்பைத் தனி ஆளாக வாங்கித் திண்டாடுவதைவிட நாலு பேர் சேர்ந்து வாங்குவது உத்தமம். காரம் குறைக்கச் சொன்னால் கேட்பார்கள். கழிப்பறை சுத்தமாக இருக்கும்.

ஆனால் பில்லை விரித்துப் பார்த்துவிட வேண்டும். மெனுவின் அடியில் பொடி எழுத்தில் இரண்டு கூட்டல் குறி (++) இருந்தால், 10 சதவீதம் சேவைக் கட்டணம், அதற்கு மேல் 7 சதவீதம் வாட் வரி. வரி சேவைக் கட்டணத்தின் மேலும் விழும். 1000 பாட்டுக்குச் சாப்பிட்டோம் என்று எழுந்தால் கட்ட வேண்டியது 1177 பாட். அதற்கு மேல் டிப்ஸ் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

இது தெரியாமல் ஒரு முறை நன்றாக மாட்டிக்கொண்டேன். பட்பொங்குக்குப் பக்கத்தில் ஓர் உணவகம், நாங்கள் மூன்று பேர். மெனுவைப் பார்த்து 700 பாட்டுக்குள் முடியும் என்று நினைத்துதான் உட்கார்ந்தோம். குழம்போடு சோறு வரும் என்று இருந்தோம், சோறு தனி விலை, ஆளுக்கு ஒரு தட்டு. கேட்காமலே கொண்டு வைத்த வேர்க்கடலைக்கு விலை. பனிபோல மடித்து வைத்த ஈரத் துண்டைப் பிரித்து முகம் துடைத்தோமே, அதற்கும் விலை. தண்ணீர் பாட்டில் சொல்லவே வேண்டாம். கடைசியில் ஆயிரத்தைத் தொட்டது. ஏமாற்றினார்கள் என்று சொல்ல மாட்டேன், எல்லாம் மெனுவில் எங்கோ அச்சிட்டிருந்தது. துண்டு வேண்டாம் என்றால் பிரிக்காமல் ஓரமாக வையுங்கள், பில்லில் ஏறாது.

வார நாட்களில் மதிய செட் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு குழம்பு, சோறு, ஒரு சூப் என்று கட்டிக் கொடுத்துவிடுவார்கள். தனியாகவோ இருவராகவோ போனால் அதுதான் லாபம். ஆபீஸ்காரர்களை இழுக்கத்தான் அதைப் போடுகிறார்கள் என்பதால் இரவு மெனுவில் தேடினால் கிடைக்காது.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்:

| | வண்டி, கறிச்சோறு | ஃபுட் கோர்ட் | ஏசி உணவகம் |
|---|---|---|---|
| ஒருவருக்கு | 50–80 பாட் | 90–150 பாட் | 300–500 பாட் |
| ஆகும் நேரம் | 20 நிமிடம் | 40 நிமிடம் | ஒரு மணிக்கு மேல் |
| கண்ணில் படாத செலவு | வெயில், லலாய் சாப் | அட்டையில் மிச்சம் | சோறு, துண்டு, ++ |
| காரம் குறைக்க முடியுமா | பெரும்பாலும் முடியாது | ஓரளவு | முடியும் |
| பணம் | சில்லறை நோட்டு | அட்டை | கார்டு எடுப்பார்கள் |
| சனி, ஞாயிறு | நம்ப முடியாது | மால்களில் உண்டு | உண்டு |

## சைவக்காரர்கள் தனியாகப் படிக்க வேண்டியது

'காய்கறி மட்டும் போட்டுக் கொடுங்கள்' என்றால் காய்கறி மட்டும் போட்டுக் கொடுப்பார்கள். அதில் மீன்சாறும் இருக்கும். அவர்களுக்கு அது உப்பு மாதிரி, மீனாகவே தோன்றாது. குழம்பு விழுதில் இறால் விழுது அரைத்திருக்கும். ஆகவே டோஃபு போட்ட பச்சைக் குழம்பும் சைவம் என்று நம்பிவிட முடியாது. "மை ஸை நாம் ப்லா" (மீன்சாறு போடாதீர்கள்) என்று சொல்லலாம், வதக்கித் தருபவற்றுக்கு மட்டும் அது பலிக்கும்.

கேட்க வேண்டிய சொல் "ஜே". மஞ்சள் துணியில் சிவப்பு எழுத்து, பார்வைக்கு 17 என்று எழுதியது போல இருக்கும். ஜே என்றால் கறி, மீன், முட்டை, பால் எதுவும் இல்லை. பூண்டு வெங்காயமும் சேர்க்க மாட்டார்கள். நம் வீட்டு விரதச் சமையலைவிடக் கண்டிப்பு. ஃபுட் கோர்ட்டில் இந்தக் கொடியுள்ள கடை இருந்தால் சைவக்காரர்கள் யோசிக்காமல் அங்கே போகலாம். ஒரு எச்சரிக்கை: கறித்துண்டு போலவே அச்சு அசலாக இருக்கும் சோயாத் துண்டைப் பார்த்து என் அத்தை தட்டைத் தள்ளிவிட்டார். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை.

முட்டை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு வேறு ஒரு கண்டம். கோழிக்கும் 'கை', முட்டைக்கும் 'கை'. இரண்டாவதில் மூச்சை அழுத்திச் சொல்ல வேண்டும். தமிழில் ஒரே 'க' வைத்து எல்லாவற்றையும் சமாளிக்கும் நமக்கு அந்த வித்தியாசம் காதிலும் ஏறாது, வாயிலும் வராது. படத்தைக் காட்டுங்கள்.

பன்றி வேண்டாதவர்கள் 'மூ' என்ற சொல்லையும், மாடு வேண்டாதவர்கள் 'நுயா' என்ற சொல்லையும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். மாட்டைத் தவிர்ப்பது சுலபம், தாய்க்காரர்களிலேயே நிறையப் பேர் தொடுவதில்லை. ஹலால் வேண்டும் என்றால் சீலோம் 20ஆம் சந்துப் பக்கம் நடக்கலாம், அங்கே பள்ளிவாசல் இருக்கிறது.

## யாருக்கு எது

தனி ஆள் அல்லது இருவர், எதையும் சாப்பிடுவீர்கள், வார நாள்: கண்ணை மூடிக்கொண்டு கறிச்சோற்றுக் கடை. பதினொன்றரைக்குப் போய்விடுங்கள். கையில் 20, 50, 100 பாட் நோட்டுகளாக வைத்திருங்கள், 1000 பாட்டை நீட்டினால் அக்கா முகம் சுருங்கும்.

முதல் முறை வருகிறீர்கள், குழந்தைகள் உண்டு, ஒருவர் சைவம்: ஃபுட் கோர்ட். ருசி கொஞ்சம் குறைந்தாலும் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள்.

பெரியவர்களோடு நாலு பேருக்கு மேல், அல்லது சனி, ஞாயிறு: ஏசி உணவகம். பட்பொங் வாசலில் கூப்பிட்டு இழுக்கும் இடமாக இல்லாமல், உள்ளே ஆபீஸ் கூட்டமோ குடும்பங்களோ உட்கார்ந்திருக்கும் இடமாகப் பாருங்கள்.

இரண்டு மதியம் கிடைத்தால் முதல் நாள் ஃபுட் கோர்ட், மறுநாள் வண்டி. முதல் நாள் படத்தில் பார்த்துப் பெயர் தெரிந்த அயிட்டத்தை மறுநாள் தட்டில் அடையாளம் கண்டு விரலை நீட்டும்போது வரும் குஷி தனி.

இது எதுவுமே ஒத்துவராது, மீன்சாறு வாடை வந்தாலே குமட்டுகிறது என்கிறவர்களுக்கும் சீலோமிலேயே வழி இருக்கிறது. சாலாடேங்கிலிருந்து மேற்கே இருபது நிமிட நடை, பான் சாலை முக்கில் மாரியம்மன் கோயில். இங்கே வந்து சேர்ந்த தமிழர்கள் 1870களில் கட்டியது, தாய்க்காரர்கள் வாட் கேக் என்கிறார்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் இந்தியச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. என் அத்தை மூன்று நாளும் அங்கேதான் சாப்பிட்டார். நாலாம் நாள் நான் வண்டியில் வாங்கிய மாம்பழம், தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோற்றில் ஒரு வாய் எடுத்தவர், டப்பாவைத் திருப்பித் தரவே இல்லை.